மச்சான் பிடித்த கயிறு

உங்கள் வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளையோ, எஸ்.எஸ்.சி. பரீட்சைக்குத் தயாராகிற தம்பியோ இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். மேஜையில் கிடக்கும் இங்கிலீஷ் கைடை எடுத்து 'இடியம்ஸ் அண்ட் ஃபிரேஸஸ்' பக்கத்தைப் புரட்டுங்கள். இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் அர்த்தம், நடுவில் ஒரு கோடு. மளிகைக் கடை லிஸ்ட் மாதிரி பக்கம் பக்கமாகப் போகும். அதில் எங்கேயாவது, பூனையும் நாயுமாக மழை பெய்துகொண்டிருக்கும்.

2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டமே மிதந்ததே, ஞாபகம் இருக்கிறதா? காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர். அன்றைக்கு அங்கே யாரும் பூனையையும் நாயையும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். 'வானம் பொத்துக்கிட்டு ஊத்துது' என்றால் போதும், சின்னப் பிள்ளைக்கும் புரியும். லண்டனில்கூட இன்றைக்கு மழையைப் பார்த்துப் பூனை, நாய் என்பவர்கள் குறைவுதான். நம் கைடுகள்தான் அந்த ஜீவன்களை விடாமல் வளர்க்கின்றன.

இங்கிலீஷே வேண்டாம் என்கிறானோ என்று இன்லண்ட் லெட்டரைத் தேடாதீர்கள். இங்கிலீஷ் வேண்டும், நன்றாகவே வேண்டும். இந்த லிஸ்ட்தான் வேண்டாம் என்கிறேன்.

ஏன்? அந்தத் தொடர்களில் பாதிக்கு உப்பு வாசனை அடிக்கிறது சார்! பாய்மரக் கப்பலில் வேலை பார்த்தவர்களின் பேச்சு அது. 'லேர்ன் தி ரோப்ஸ்' என்றால் தொழில் பழகு என்று கைடு சொல்கிறது. கப்பலில் ஏறிய புதுப் பையன் எந்தக் கயிறு எந்தப் பாயை இழுக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதுதான் விஷயம். 'டேக்கன் அபேக்' என்றால் திடுக்கிடுதல். எதிர்க்காற்று திடீரென்று பாயின் முன்பக்கம் அறைந்து, பாய் மரத்தோடு ஒட்டிக்கொண்டு, கப்பல் அப்படியே திகைத்து நிற்கும். 'பை அண்ட் லார்ஜ்' என்றால் பொதுவாக. எதிர்க்காற்றுக்கு நெருக்கமாகப் போவது 'பை'. காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு போவது 'லார்ஜ்'. இரண்டிலும் ஒழுங்காக ஓடுகிற கப்பல் பொதுவாக நல்ல கப்பல்.

'பிட்டர் எண்ட்' இன்னும் வேடிக்கை. 'கசப்பான முடிவு' என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நங்கூரக் கயிற்றைக் கட்டும் தளத்துக் கட்டைக்கு 'பிட்' என்று பெயர். கயிற்றின் கப்பலுக்குள் இருக்கிற கடைசி முனையைத்தான் 'பிட்டர்ஸ் எண்ட்' என்று 1627-லேயே கேப்டன் ஜான் ஸ்மித் தன் கடல் கையேட்டில் குறித்து வைத்திருக்கிறார். அதற்கு மேல் விடக் கயிறு இல்லை. கடைசி வரைக்கும் என்பதுதான் அர்த்தம்.

இதெல்லாம் யாருக்குச் சட்டென்று புரியும்? தூத்துக்குடி தோணிக்காரர் வீட்டுப் பையனுக்கு! பாய், கயிறு, காற்று, நங்கூரம் எல்லாம் அவன் தாத்தாவின் சாமான்கள். முத்துக்குளித்த காலத்தில் கடலுக்குள் இறங்குகிறவனின் உயிர் படகில் கயிறு பிடித்திருப்பவன் கையில் இருந்தது. அந்தக் கயிற்றைப் பெண்டாட்டியின் அண்ணன் தம்பியிடம்தான் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. அக்கா தங்கையைத் தாலியறுக்க மச்சான் விட மாட்டான் என்ற கணக்கு! அந்த வம்சத்துப் பிள்ளையைப் போய், 'கயிறு கற்றல்: தொழில் பழகுதல்' என்று பத்து தடவை இம்போசிஷன் எழுத வைக்கிறோம். பரீட்சையில் மறந்துபோனால் 'இங்கிலீஷ் வராத மக்கு' என்று அவனே தன்னை நினைத்துக்கொள்கிறான். என் கோபம் இதில்தான்.

'தி வேர்ல்ட் இஸ் யுவர் ஆய்ஸ்டர்' என்றொரு தொடர். உலகமே உன் கையில் என்று பட்டமளிப்பு விழாக்களில் முழங்குவார்கள். ஷேக்ஸ்பியரின் 'மெர்ரி வைவ்ஸ் ஆஃப் வின்ட்சர்' நாடகத்தில் இதைச் சொல்வது யார் தெரியுமா? கடன் கேட்டு, காலணா கிடையாது என்று விரட்டப்பட்ட ஒரு போக்கிரி. அப்படியானால் கத்தியால் திறந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அவன் மிரட்டுகிற இடம் அது. சிப்பியைப் பற்றித் தூத்துக்குடிக்காரனிடம் கேளுங்கள். குவியல் குவியலாக அழுகவிட்டு, நாற்றம் பிடுங்க அலசினாலும் முத்து கிடைப்பது அதிர்ஷ்டம். கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். உலகம் சிப்பி என்றால் அவன் சந்தோஷப்படுவானா, பயப்படுவானா?

நம் பேச்சிலும் கடல் இல்லாமல் இல்லை. 'மானம் கப்பலேறிடுச்சு', 'கப்பல் கவுந்த மாதிரி கன்னத்துல கை', 'பொண்ணைக் கரை சேர்த்துட்டேன்', 'கம்பெனி தரை தட்டிருச்சு' என்று கடலையே பார்க்காத கோயமுத்தூர்க்காரரும் சொல்கிறார். இதில் ஒன்றை எடுத்து, இங்கிலீஷ்காரன் இதை எப்படிச் சொல்வான் என்று வகுப்பில் பேசினால் இரண்டு மொழியும் வரும். ஆனால் கேள்வித்தாளில் அதற்கு மார்க் கிடையாதே!

சரி, கப்பல் வேலைக்காவது இந்த லிஸ்ட் உதவுமா? அதுவும் இல்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-ல், கப்பலில் பேசவேண்டிய இங்கிலீஷுக்கென்றே நிலையான வாக்கியங்களை வகுத்தது. ஒரு விஷயத்துக்கு ஒரே வாக்கியம். அலங்காரம் கூடாது. 'மே', 'மைட்', 'குட்' மாதிரி இரண்டு அர்த்தம் வரும் சொற்களைக்கூடத் தவிர்க்கச் சொல்கிறது. பிலிப்பைன்ஸ்காரரும் உக்ரைன்காரரும் நம் ஊர்ப் பையனும் ஒரே கப்பலில் நிற்கும்போது குழம்பினால் மோதல்தான். இடியம் பிறந்த கடலிலேயே இடியத்துக்கு இடமில்லை!

மொழி படிக்கிற வழி இந்தக் கரைக்குப் புதிதும் இல்லை. 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகலிலிருந்து வந்த பாதிரியார் என்ரிக் என்ரிக்கஸ், முத்துக்குளித்துறையில் வாழ்ந்து, அந்த மக்கள் வாயில் கேட்ட தமிழை வைத்து 1549 வாக்கில் ஓர் இலக்கணமே எழுதினார். 1578-ல் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் தமிழிலேயே அச்சானது. அவருக்கு எந்தக் கைடும் கிடைத்திருக்காது. காது இருந்தது, பேச மனிதர்கள் இருந்தார்கள்.

கேள்வித்தாள் தயாரிக்கும் பெரியவர்களே, 'பொருள் தருக' என்பதை எடுத்துவிட்டு, அந்தத் தொடரைப் பிள்ளை தன் தெருவில் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பொருத்தி எழுதச் சொல்லிப் பாருங்கள். திருத்துவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். வாத்தியாரும் படித்துப் பார்க்கவேண்டி வரும்.