வண்டி இல்லாமல் வில்லியனூர், பாகூர்: 10 ரூபாய் ரயில் இருந்தும் ஏன் கைகொடுக்கவில்லை?

புதுச்சேரியில் ‘வண்டி இருக்கா?’ என்று ஒருவர் கேட்டால், அவர் கேட்பது டூவீலரைத்தான். காரை ‘கார்’ என்பார்கள், பஸ்ஸை ‘பஸ்’ என்பார்கள். வண்டி என்றால் பைக் அல்லது ஸ்கூட்டர். அந்த ஒரு சொல்லே ஊர் எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்லிவிடும்.

டவுனுக்குள் வண்டி ஒரு வசதி. வில்லியனூர், பாகூர் பக்கம் அது கட்டாயம். காலேஜ் முடித்து முதல் வேலைக்குப் போகிற பையனோ பெண்ணோ, முதல் சம்பளம் கைக்கு வருமுன்பே வண்டி லோனைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஷிப்ட் என்றாலும், கிருமாம்பாக்கம் பக்கம் மருத்துவக் கல்லூரியில் வேலை என்றாலும், பஸ்ஸை நம்பி நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்கிற கணக்குதான் காரணம். வண்டி ஓட்டத் தெரியாத அம்மாக்களும் பெரியவர்களும் வீட்டில் யாராவது ‘ட்ராப்’ பண்ணும்வரை காத்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் நடுவில், இந்தப் பகுதி வழியாக ரயில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நேற்று இன்று வந்ததல்ல, 1879-லிருந்து.

எந்த ரயில்?

விழுப்புரம் – புதுச்சேரி பாதை. மொத்தம் சுமார் 38 கி.மீ. விழுப்புரத்தில் கிளம்பினால் வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர், புதுச்சேரி. அவ்வளவுதான் ஸ்டேஷன்கள். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊருக்கு, பிரிட்டிஷ் இந்தியாவின் தென்னிந்திய ரயில்வே ஓட்டிய ரயில் இது. துறைமுகத்தையும் விழுப்புரம் வழியாகப் போகும் பெரிய பாதையையும் இணைப்பதுதான் அப்போதைய தேவை. சரக்குக்காகப் போட்ட கோடு என்பதால், கிராமத்து ஆட்கள் எங்கே ஏறுவார்கள், எங்கே இறங்குவார்கள் என்று பெரிதாக யாரும் அப்போது யோசித்திருக்க மாட்டார்கள்.

மீட்டர் கேஜ் அகலப் பாதையானது. மின்மயமும் ஆனது. இன்று புதுச்சேரியிலிருந்து டெல்லிக்கும் மங்களூருக்கும் ஹவுராவுக்கும் நேரடி ரயில் உண்டு. ஆனால் வில்லியனூர்க்காரருக்கு உதவுவது அந்த நீண்ட தூர எக்ஸ்பிரஸ்கள் அல்ல, அவற்றில் பல வில்லியனூரில் நிற்பதும் இல்லை. அவருக்கானது பாசஞ்சரும் மெமுவும்தான். கொரோனா காலத்தில் 30 ரூபாய் ஆக்கப்பட்ட குறைந்தபட்ச கட்டணம் 2024 பிப்ரவரியில் மறுபடி 10 ரூபாய்க்கு இறங்கியது. வில்லியனூர் – புதுச்சேரி சுமார் 10 கி.மீ. தான், அதனால் அந்த 10 ரூபாயே டிக்கெட். அதே தூரத்துக்கு பெட்ரோல் போட்டு, இந்திரா காந்தி சிலை சதுக்கத்து சிக்னலில் நின்று, டவுனுக்குள் பார்க்கிங் தேடுவதோடு ஒப்பிட்டால் ரயில் ஜெயிக்க வேண்டும்.

ஆனால் ஜெயிக்கவில்லை. சிக்கல் கட்டணத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. ஒரு நாளைக்கு விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் உள்ளூர் ரயில்கள். ஒன்றை விட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒற்றைப் பாதை என்பதால் எதிர் ரயிலுக்கு வழிவிட்டு நிற்பதும் சகஜம். காலை 9 மணிக்கு ஆபீஸில் இருக்க வேண்டியவர், 20 நிமிஷம் தாமதமானால் அடுத்த ரயிலைப் பிடிக்கலாம் என்ற தைரியம் இருந்தால்தான் ஸ்டேஷனுக்குப் போவார். அந்த தைரியத்தைத் தருவது வேகமல்ல. அடுத்தடுத்து ரயில் இருப்பதுதான்.

இறங்கிய பிறகும் பிரச்சினை தீராது. புதுச்சேரி ஸ்டேஷன் இருப்பது சுப்பையா சாலையில், தூய இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்கு எதிரே. பஸ் ஸ்டாண்டோ மறைமலை அடிகள் சாலையில். இரண்டுக்கும் நடுவே ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணத்தில் வில்லியனூருக்குப் பல தடவை ரயிலில் போய் வந்துவிடலாம்.

பாகூருக்கு ரயிலே இல்லையா?

இல்லை. பாகூர் கொம்யூன் புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர் சாலைப் பக்கம். ஏரியும் வயலுமாகக் கிடக்கும் இந்தப் பகுதியை நெற்களஞ்சியம் என்பார்கள். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் சாலையில் சுமார் 22 கி.மீ. ரயிலில் போக வேண்டுமென்றால்? முதலில் மேற்கே விழுப்புரம் போய், அங்கிருந்து திரும்பி கடலூர் வர வேண்டும். 80 கி.மீ. தாண்டிவிடும். பக்கத்து ஊருக்குப் போக இப்படிச் சுற்றுகிற ஆள் யாரும் இல்லை.

இந்த இடைவெளியை நிரப்பும் திட்டம் காகிதத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் வரை கிழக்குக் கடற்கரை ரயில் பாதை. ஒப்புதல் கிடைத்து 15 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பட்ஜெட் வரும்போதெல்லாம் செய்தியில் இதன் பெயர் வரும், பிறகு அடங்கிவிடும். பாகூரில் அன்று பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இப்போது குழந்தைகளே இருக்கலாம்.

அதனால் பாகூர் பஸ்ஸில் வருகிறவர் ரயிலைச் சந்திப்பது ஒரே ஓர் இடத்தில்தான்: கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. கேட். அதுவும் கேட் மூடியிருக்கும்போது.

லாஸ் ஏஞ்சல்ஸ் கதை எதற்கு இங்கே?

கார் இல்லாமல் வாழவே முடியாத ஊருக்கு உதாரணம் கேட்டால், உலகமே சொல்லும் பெயர் லாஸ் ஏஞ்சல்ஸ். ஆனால் அந்த ஊர் ஒரு காலத்தில் ரயில் ஊர். பசிபிக் எலெக்ட்ரிக் கம்பெனியின் ‘ரெட் கார்’ மின்ரயில்கள் 1,600 கி.மீ.க்கும் மேற்பட்ட தண்டவாளத்தில் ஓடின. கடைசி ரெட் கார் 1961-ல் நின்றது, லாங் பீச் பாதையில். 29 வருஷம் கழித்து, 1990-ல், பெரும்பாலும் அதே தடத்திலேயே ஊருக்குப் புதிய ரயில் வந்தது. கழற்றிப் போட்டதைத் திரும்பப் போட எவ்வளவு செலவாகும் என்பதை அவர்கள் பாடமாகவே படித்துவிட்டார்கள்.

இந்த யூனியன் பிரதேசத்துக்கும் அது தெரியாத கதை அல்ல. காரைக்கால் – பேரளம் 23 கி.மீ. பாதை 1980-களில் மூடப்பட்டது. அதைத் திரும்ப அமைத்து முடிக்க 30 வருஷத்துக்கு மேல் ஆனது. வில்லியனூர் பாதைக்கு அந்தக் கதி வரவில்லை. தண்டவாளம் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, ஸ்டேஷன் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் இதற்காகத்தான் அவ்வளவு செலவு செய்தது.

இன்னொரு விஷயமும் அங்கே கவனிக்கத்தக்கது. அந்த ஊரில் 1.75 டாலர் கட்டணத்துக்கு ‘டேப்’ கார்டைத் தட்டினால், இரண்டு மணி நேரத்துக்குள் ரயிலிலிருந்து பஸ்ஸுக்கு மாற தனிக் காசு இல்லை. கார் ஊரில் கார் இல்லாமல் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு ரயிலைவிட அதிகம் உதவுவது இந்த ஏற்பாடுதான். ரயில் விடும் இடத்தில் பஸ் எடுத்துக்கொள்கிறது.

இங்கே என்ன செய்யலாம்?

மெட்ரோ, மோனோ என்று பெரிதாகப் பேச வேண்டியதில்லை. ரயில் நேரத்தை முடிவு செய்வது தெற்கு ரயில்வேயின் திருச்சி கோட்டம். புதுச்சேரி அரசு அதைக் கேட்கத்தான் முடியும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று கூடுதலாக மெமு கேட்பது நியாயமான கோரிக்கை, அதற்குப் புதுப் பாதை தேவையில்லை. ஆனால் பஸ் நேரம் முழுக்க புதுச்சேரியின் கையில் இருக்கிறது. பி.ஆர்.டி.சி. அரசுடையது, தனியார் பஸ்ஸுக்குப் பெர்மிட் கொடுப்பதும் அரசுதான். ரயில் வரும் நேரத்துக்கு வில்லியனூர் ஸ்டேஷன் வாசலில் சேதராப்பட்டுக்கு ஒரு பஸ், பாகூருக்கு ஒரு பஸ் நிற்க டெல்லியின் அனுமதி தேவையே இல்லை.

ஆனால் பணம் போகும் திசை வேறு. இந்திரா காந்தி சிலை சதுக்கத்திலிருந்து ராஜீவ் காந்தி சிலை சதுக்கம் வரை 436 கோடி ரூபாயில் மேம்பாலம் கட்ட 2025-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த சிக்னலில் தினமும் வெந்துபோகிறவர்களுக்கு அது தேவைதான், மறுக்க முடியாது. அந்த நெரிசலில் ஒரு பங்கு வில்லியனூர் பக்கத்திலிருந்து, ரயில் இருந்தும் வண்டியில் வருகிறவர்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முயற்சி செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: முன்பதிவு இல்லாத டிக்கெட்டை ரயில்ஒன் ஆப்பிலேயே எடுத்துவிடலாம். வில்லியனூரில் இறங்கினால் திருக்காமீஸ்வரர் கோயில் இருக்கிறது. பிரெஞ்சு கவர்னர்கள் வடம் பிடித்த தேர் இந்தக் கோயிலுடையது, இப்போது துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். லூர்து மாதா திருத்தலமும் அதே ஊரில்தான். ஒயிட் டவுனில் வண்டி வாடகைக்கு எடுத்துச் சுற்றுகிற டூரிஸ்ட்டுகளில் முக்கால்வாசிப் பேருக்கு இப்படி ஒரு ரயில் இருப்பதே தெரியாது.

கிளம்புமுன் திரும்பி வரும் ரயிலின் நேரத்தைப் பார்த்துக்கொள்வது முக்கியம். அதை விட்டுவிட்டால் ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கோ டெம்போவுக்கோ கை காட்ட வேண்டியதுதான். இல்லையென்றால் வீட்டுக்கு போன் போட்டு, ‘வண்டி எடுத்துட்டு வா’ என்று சொல்ல வேண்டும்.