ஊசி போட ஆள் இருக்கு, புல்லு போட?

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது கால்நடை டாக்டர்களைத் திட்டுற பதிவு இல்லை. எங்க சித்தப்பா மகனே கால்நடை டாக்டர்தான். தலைப்பைப் பார்த்துட்டு அவன் போன் போட்டு, "அண்ணே, ஏன்ணே இந்த வேலை"ன்னு கேக்கப் போறான். கேக்கட்டும். சண்டை அவனோட இல்லை. அவன் படிச்ச பட்டத்தோட பேர்ல இருக்குற பின்பாதியை நாம எல்லாரும் சேர்ந்து தொலைச்சோம்ல, அதோடதான் சண்டை.

பட்டத்தோட பேரைக் கவனிங்க. பி.வி.எஸ்சி. அண்டு ஏ.எச். முதல் பாதி கால்நடை மருத்துவம். "அண்டு"க்குப் பின்னாடி வர்ற ஏ.எச்., கால்நடை பராமரிப்பு. அதாவது வளர்ப்பு, தீவனம், இனவிருத்தி, உற்பத்தி. இந்தப் பின்பாதி ரசத்துல போட்ட கறிவேப்பிலை மாதிரி ஆயிருச்சு. வாசத்துக்கு வேணும், இலையில விழுந்தா ஓரமா ஒதுக்கணும்.

நம்ம ஊர்ல இந்தப் படிப்புக்கு என்ன மரியாதைன்னு உங்களுக்கே தெரியும். "பையன் என்ன படிக்கிறான்?" "நீட்ல கொஞ்சத்துல போச்சு, அதான் வெட்னரி." துக்கம் விசாரிக்கிற குரல்லயே பதில் வரும். சேர்ந்தவனும் "நானும் டாக்டர்தான்"னு நிரூபிக்கிறதுலயே அஞ்சரை வருசத்தை ஓட்டுறான். நாலரை வருசம் படிப்பு, ஒரு வருசம் உள்ளுறைப் பயிற்சி. ஸ்டெதஸ்கோப் மாட்டி போட்டோ எடுக்குறவன், மாட்டுத்தொட்டியில என்ன கிடக்குன்னு குனிஞ்சு பார்த்து ஏன் போட்டோ எடுக்க மாட்டேங்கிறான்? அவனைக் குத்தம் சொல்லிப் பிரயோசனமில்லை. எதுக்கு மாலை விழும்னு நாமதானே அவனுக்குக் காட்டி வச்சிருக்கோம்.

கொஞ்சம் வரலாறு பார்த்துருவோம். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல சைதாப்பேட்டையில ஆரம்பிச்சு, அப்புறம் வேப்பேரிக்குப் போச்சு. அன்னைக்கு வெள்ளைக்காரனுக்குக் குதிரையும் முக்கியம், நாட்டுக்கு வெக்கை நோயும் பெரிய தலைவலி. கூட்டம் கூட்டமா மாடு சாகுற காலத்துல டாக்டர்தானே முதல்ல வேணும். அந்த வேலையை அவங்க பிரமாதமா செஞ்சாங்க. 2011-ல வெக்கை நோய் உலகத்தை விட்டே ஒழிஞ்சதா அறிவிச்சாங்க. பெரியம்மைக்கு அப்புறம் மனுசன் பூமியில இருந்து அடியோட விரட்டுன ரெண்டாவது நோய் அது. இதுக்காக டாக்டர்களுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

நான் கேக்குறது அதுக்கு அடுத்த கேள்வி. கூட்டமா சாகுறது நின்னாச்சு, சரி. மிச்ச நாள்ல மாடு எப்படி வாழுது?

மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் எந்தக் கால்நடை மருந்தகத்துக்கு வேணா போய்ப் பாருங்க. பாசத்துல அள்ளி அள்ளி ஊட்டுன பொங்கச்சோறு வயித்துல புளிச்சு, அமிலம் ஏறி, அசைபோடாம நிக்கிற மாடுக வரிசையா வரும். டாக்டர் சோடா உப்பு குடுப்பார், குளுக்கோஸ் ஏத்துவார், பொழைக்க வைப்பார். அடுத்த தையில அதே வரிசை நிக்கும். இதை நோய்னு சொல்றதை விட தீவனத் தப்புன்னு சொல்றதுதான் சரி.

இன்னொன்னு பாருங்க. ஐப்பசி மழை பேஞ்சு, கரட்டுல இளம்புல்லு தளதளன்னு வரும். வெயில் காலம் பூரா காஞ்சு கிடந்த ஆடு அதை வெறியோட மேயும். ராத்திரி நல்லா இருந்த கொழுத்த ஆடு விடியக்காலம் செத்துக் கிடக்கும். துள்ளுமாரின்னு நம்ம பக்கத்துல சொல்வாங்க. குடலுக்குள்ள சாதாரணமா இருக்குற கிருமிதான், திடீர் மேய்ச்சல்ல பெருகி விஷத்தைக் கக்குது. விசயம் தெரிஞ்சு டாக்டரைக் கூப்பிடுறதுக்குள்ள கதை முடிஞ்சிரும். மழைக்கு முன்னாடியே தடுப்பூசி, குடற்புழு நீக்கம், முதல் சில நாளைக்குக் கொஞ்சமா மேயவிட்டுப் பழக்குறது, இதான் வழி. தடுப்பூசி போட ஆள் வருது. மேய்ச்சலுக்கு ஒரு நாள்காட்டி போட்டுத் தர்றது யாரு?

எங்க சித்தப்பா மகன்கிட்ட ஒருநாள் கேட்டேன், "ஏன்டா, நீ படிச்ச தீவனயியல் எல்லாம் எங்கடா போச்சு?" அவன் சொன்னது: "அண்ணே, காலைல வந்தா சினை ஊசி, அப்புறம் வைத்தியம், மத்தியானம் காப்பீட்டுக்கு மாட்டுக்குக் காது வில்லை, செத்த மாட்டுக்குப் பிரேதப் பரிசோதனை, இலவச ஆட்டுக்குப் பயனாளி பட்டியல். தை மாசம் வந்தா ஜல்லிக்கட்டுக் காளைக்குத் தகுதிச் சான்று. இதுல நான் எப்பண்ணே போய் ஒருத்தன் வீட்டுத் தொட்டியை எட்டிப் பாக்குறது?" நியாயமான பேச்சு. 1976-லயே தேசிய விவசாய ஆணையம் 5000 மாட்டு அலகுக்கு ஒரு கால்நடை மருத்துவர் வேணும்னு சொல்லிருச்சு. அந்த ஒருத்தர் தலையிலயே மருத்துவத்தையும் வளர்ப்பையும் சேர்த்துக் கட்டினா, ரத்தம் வர்ற பக்கம்தான் அவர் முதல்ல ஓடுவார். வேற எப்படி ஓட முடியும்?

அதனால என் கட்சி இதான்: கால்நடை உற்பத்திக்குன்னு தனியா ஒரு பட்டப்படிப்பு வேணும். அதை மதுரையில தொடங்கணும். ஊசியைத் தொடாத படிப்பு. தீவனம், மேய்ச்சல் நிலம், இனத்தேர்வு, கொட்டகை, சாணி, பால், கறி, கணக்கு வழக்கு, சந்தை. இதுல நாலு வருசம்.

"ஏன் மதுரை?"ன்னு உடனே கேப்பாய்ங்க. சொல்றேன்.

தமிழ்நாட்டுல இப்ப அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி ஏழு இருக்கு. சென்னை, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, அப்புறம் 2020-ல வந்த தலைவாசல், உடுமலை, தேனி. தேனி நமக்குப் பக்கத்து வீடுதான். அதனால "மதுரைக்கும் ஒரு மருத்துவக் கல்லூரி குடு"ன்னு நான் கொடி பிடிக்கலை. எட்டாவதா அதே கடையைத் திறந்து என்ன ஆகப்போகுது?

ஆனா மதுரையைச் சுத்தி இருக்குற சரக்கைப் பாருங்க. வாடிப்பட்டி பக்கம் கச்சைகட்டி கருப்பு ஆடு. சிவகங்கைப் பக்கம் புலிகுளம் மாடு. தெற்கே கீழக்கரிசல், ராமநாதபுரம் வெள்ளை ஆடு. மேற்கே மலைமாடு. கொட்டகையில கட்டிப்போட்டு வளர்த்த சாதிக இல்லை இதெல்லாம், நடந்து மேஞ்சு உருவானது. புலிகுளம் மாட்டுக்குப் பால் பெருசா கிடையாது. ராத்திரி வயல்ல கிடை போட்டு, சாணியும் மூத்திரமும் நிலத்துல விழுறதுக்குத்தான் காசு. ஆட்டுக்கிடைக் கீதாரிக எந்த மாசம் எந்தக் கண்மாய்ப் பக்கம் புல்லு, அறுப்பு முடிஞ்சு தஞ்சாவூர்ப் பக்கம் எப்ப இறங்கணும்னு ஒரு வரைபடத்தையே தலைக்குள்ள வச்சிருக்காங்க. அந்தப் படிப்புக்குப் பட்டமும் கிடையாது, பாடப்புத்தகமும் கிடையாது. அவங்க பிள்ளைக டவுனுக்கு வேலைக்குப் போயாச்சு. இந்தத் தலைமுறையோட அந்த வரைபடம் காலி.

கட்டடத்துக்கும் பஞ்சமில்லை. ஒத்தக்கடையில யானைமலை அடிவாரத்துல வேளாண் கல்லூரி 1965-ல இருந்து நிக்குது. கால்நடைப் பல்கலைக்கழகத்துக்கும் மதுரையில ஒரு பயிற்சி ஆராய்ச்சி மையம் இருக்கு. ரெண்டும் கை கோர்த்தா போதும். அந்தக் கை கோர்க்குறதுலதான் சிக்கலே. 1989-ல கால்நடைப் பல்கலைக்கழகம் தனியா வந்துச்சு. இந்தியாவிலேயே முதல்ல இப்படி வந்தது இதான், நமக்குப் பெருமை. ஆனா அதுக்கு முன்னாடி கால்நடைக் கல்லூரிக வேளாண் பல்கலைக்கழகத்துக்குள்ள இருந்துச்சு. பாகப்பிரிவினையில மாடு ஒரு வீட்டுக்கு, புல்லு இன்னொரு வீட்டுக்குன்னு ஆயிருச்சு. கோ-4 கம்பு நேப்பியர் புல்லை உருவாக்குனது கோயம்புத்தூர். அதைத் திங்கிற மாட்டைப் படிக்கிறது வேப்பேரி. நடுவுல உசிலம்பட்டிக்காரர் ஒருத்தர் வைக்கோலை உதறிப் போட்டுட்டு நிக்கிறார். வைக்கோல்ல புரதம் மூணு நாலு சதவீதம்தான். பால் எங்கிருந்துங்க வரும்?

இனி எதிர்ப்புகளுக்கு வருவோம்.

ஒன்னு: "மருத்துவப் படிப்புலயே வளர்ப்புப் பாடம் இருக்கே?" இருக்கு. தீவனயியல், மரபியல், உற்பத்தி மேலாண்மை, கோழியியல் எல்லாத்துக்கும் தனித்தனித் துறை, நல்ல வாத்தியார்க, காட்டுப்பாக்கத்துல ஆராய்ச்சிப் பண்ணை. பாடம் இல்லைன்னு நான் சொல்லவே இல்லையே. அந்தப் பாடத்தை வச்சே பொழப்பு நடத்துற ஆள் எங்கேன்னுதான் கேக்குறேன். ஓசூர்ல கோழித் தொழில்நுட்பத்துக்கும் கொடுவள்ளியில பால் தொழில்நுட்பத்துக்கும் தனிப் பட்டம் வைக்க முடிஞ்சதுல்ல? கோழிக்கு உண்டு, பாலுக்கு உண்டு, ஆட்டுக்கு மட்டும் ஏன் இல்லை? கோழிக்குப் பின்னாடி முதலாளி இருக்கார், ஆட்டுக்குப் பின்னாடி கெழவி இருக்கா. அதான் காரணமா?

ரெண்டு: "போலி டாக்டர் பெருகிருவாய்ங்க." இதான் பெரிய பயம், காரணம் இல்லாத பயமும் இல்லை. ஆனா 1984-ம் வருசத்து இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் கோடு போட்டு வச்சிருக்கு. பதிவு பெற்ற மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம், சின்னச் சின்ன சேவைகளை மத்தவங்க அவர் மேற்பார்வையில செய்யலாம். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிக்கிற படிப்பைத்தான் கேக்குறேன். இன்னைக்கு ஊருக்குள்ள எதுக்கெடுத்தாலும் ஊசி குத்திட்டுப் போறவன் எந்தப் பட்டத்துல இருந்து வந்தான்? ஆள் இல்லாத இடத்துல இருந்துதானே வந்தான்.

மூணு: "வெளியூர்ல எங்கயாச்சும் இப்படி உண்டா?" நெதர்லாந்துல கால்நடை மருத்துவம் உட்ரெக்ட்ல, விலங்கறிவியல் வாகெனிங்கன்ல. ஊரே வேற வேற. கடல் தாண்டி இலங்கைக்குப் போனா, பேராதனையில கால்நடை மருத்துவ பீடம் தனி, விவசாய பீடத்துக்குள்ள விலங்கு விஞ்ஞானத் துறை தனி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், கிழக்குப் பல்கலைக்கழகம் ரெண்டுலயும் விவசாய பீடத்துல அந்தத் துறை உண்டு. எதிர் உதாரணத்தையும் மறைக்காம சொல்லிடறேன். வங்கதேசத்துல மைமன்சிங் விவசாயப் பல்கலைக்கழகத்துல ரெண்டையும் தனித்தனி பீடமா வச்சிருந்தாங்க. 2025-ல மாணவர்களே "ஒரே கூட்டுப் பட்டம் குடு"ன்னு போராட இறங்கிட்டாங்க. ஏன்னா ரெண்டு பட்டமும் ஒரே வேலைக்கு மோதுச்சு. அதுல நமக்குப் பாடம் இருக்கு: பட்டத்தைப் பிரிக்கும்போது வேலையையும் சேர்த்துப் பிரிச்சுக் குடுக்கணும்.

நாலு: "படிச்சுட்டு வேலை?" ஆவின் சங்கத்துல தீவன ஆலோசகர், தீவன ஆலை, வங்கியில விவசாயக் கடன் அதிகாரி (கால்நடை பராமரிப்புப் பட்டத்தை இப்பவும் அதுக்கு ஏத்துக்கிறாங்க), அரசாங்கப் பண்ணை. எல்லாத்துக்கும் மேல, சொந்தமா நூறு ஆடு. 2011-ல ஏழு லட்சம் குடும்பத்துக்கு ஆளுக்கு நாலு ஆடுன்னு அரசாங்கம் திட்டம் போட்டுச்சே, அப்ப ஊருக்கு ஒரு வளர்ப்புப் பட்டதாரி இருந்திருந்தா அந்த நாலு எத்தனையா ஆகியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

நான் கேக்குற படிப்புல ரெண்டு நிபந்தனை. ஒரு பங்கு இடம் ஆடு மாடு வளர்க்குற வீட்டுப் பிள்ளைகளுக்கு, முக்கியமா பொம்பளப் பிள்ளைகளுக்கு. வீட்டுல பால் கறக்குறதும் குட்டி பார்க்குறதும் பாதிக்கு மேல அவங்கதானே. ரெண்டாவது, ஒரு பருவம் முழுக்கக் கிடையோட நடக்கணும். கீதாரிக்கு "வருகைப் பேராசிரியர்"னு பேர் போட்டுச் சம்பளம் குடுக்கணும். சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன்.

கடைசியா ஒரு கணக்கு. 2012 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல எருமை சுமார் 7.8 லட்சம். 2019-ல சுமார் 5.2 லட்சம். ஏழு வருசத்துல மூணுல ஒன்னு காணோம். பழியைக் கொள்ளை நோய் தலையில கட்ட முடியாது. ஈரம் போன கண்மாய், விலை போகாத கன்னு, பார்க்க ஆளில்லாத வீடு, அவ்வளவுதான். 2017 தையில காளைக்காக அலங்காநல்லூர்லயும் தமுக்கத்துலயும் ராப்பகலா உக்காந்தோம். 2023-ல உச்ச நீதிமன்றமும் நம்ம சட்டம் செல்லும்னு சொல்லிருச்சு. சந்தோசம். ஆனா எருமைக்கு ஒரு செல்போன் வெளிச்சம்கூட அடிக்கலையே நாம? வாடிவாசல்ல அஞ்சு நொடி நிக்கிற காளைக்கு மிச்ச முன்னூத்தி அறுபத்தி நாலு நாளும் யாரு என்ன போடுறாங்கன்னு ஒரு படிப்பு வேணும்னு கேட்டா, அதுவும் இனத்தைக் காப்பாத்துற போராட்டம்தாங்க.

கால்நடை டாக்டர் பதிவர்கள் யாராச்சும் இருந்தா வாங்க, சண்டை போடுவோம். "படிப்பு போதும், ஆள்தான் பத்தலை"ன்னு நீங்க சொல்வீங்கன்னு தெரியும். எந்த ஆள் பத்தலைங்கிறதுதான் என் கேள்வி. பதில் பதிவு போட்டா கண்டிப்பா வந்து படிப்பேன்.

டிஸ்கி: "ஆட்டுக்குப் பின்னாடி கெழவி"ன்னு எழுதுனதுக்கு எங்க அப்பத்தா கோவிச்சுக்காது. அது இன்னும் பதினோரு உருப்படி வச்சிருக்கு, எல்லாம் கணக்காத்தான் இருக்கு :-)