தகப்பனில்லாத வீடும் ஸ்தல ஸ்தாபனங்களும்

மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில் ஒரு கற்பசு நிற்கிறது. இடையன் பால் கறக்கிறான். பசு தன் கன்றை நக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. கன்று பக்கத்தில் இருந்தால்தான் பசு மனமுவந்து பால் சொரியும் என்பது அந்தச் சிற்பிக்குத் தெரிந்திருந்தது. தாயையும் சேயையும் ஒன்றாக வைத்து ஆதரிக்க வேண்டும் என்பது, ஆகவே, நமக்கு யாரும் கடல் கடந்து வந்து கற்பிக்க வேண்டிய பாடமன்று.

அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மேற்கே சென்றால் செங்கற்பட்டு வரும். அவ்வூருக்கு வேறொரு சரித்திரம் உண்டு. குற்றம் செய்த சிறுவர்களை வைத்துத் திருத்துவதற்கான பள்ளி ஒன்று 1887இல் அங்கே ஏற்பட்டது. இந்தியாவிலேயே முதன்முதலாகக் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் செய்த மாகாணம் சென்னை. 1920ஆம் வருஷத்துச் சென்னைக் குழந்தைகள் சட்டம் அது. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும்தான் அவ்வழியைப் பின்பற்றின. பெருமைப்பட வேண்டிய விஷயமே. ஆயினும், வீட்டை விட்டு வெளியேறிய குழந்தையை எங்கே வைப்பது என்பதில் நாம் காட்டிய சுறுசுறுப்பை, அக்குழந்தை வெளியேறாதபடி வீட்டைத் தாங்குவதில் காட்டினோமா என்பதே கேள்வி.

அந்த 1920லேயே சென்னை நகர சபை ஒரு நற்காரியத்தைத் தொடங்கியது. தியாகராய செட்டியார் தலைவராக இருந்த காலம். ஆயிரம் விளக்கிலிருந்த நகர சபைப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியான உணவு அளிப்பதென்றும், தலைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவு போகக்கூடாதென்றும் தீர்மானித்தார்கள். உணவு வந்ததும் பள்ளிக்குப் பிள்ளைகளும் வந்தார்கள். ஆனால், ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிப்பது முறையல்ல என்று அன்றைய அந்நிய சர்க்கார் ஆட்சேபிக்க, 1925இல் அது நின்றுபோயிற்று. பிள்ளைகளின் பசி தீர்ந்ததனால் நின்றதன்று. கணக்குப் புத்தகத்தில் சோற்றுக்கு ஒரு பத்தி இல்லாததனால் நின்றது! விதி என்பது எந்த நோக்கத்துக்காக ஏற்பட்டதோ, அந்த நோக்கத்தையே அது விழுங்கிவிடக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

அந்தப் பசியைப் பின்னால் வந்த அரசுகள் மறக்கவில்லை. 1956இல் காமராஜர் மதிய உணவைப் பரப்பினார், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார்; 2022இல் காலை உணவும் தொடங்கி, மறு வருஷமே அரசு ஆரம்பப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் சென்றது. இந்த உணவுகளில் ஒரு விசேஷம் உண்டு. தட்டைக் கையில் ஏந்தும் பிள்ளையிடம், "உன் தகப்பன் வருமானம் என்ன?" என்று எவரும் கேட்பதில்லை. அதனாலேயே அவை நிலைத்தன என்பது நம் துணிபு.

பள்ளிக்கூட வாசலைத் தாண்டி வீட்டு வாசலுக்கு வரும்போதுதான் கேள்விகள் ஆரம்பமாகின்றன. தகப்பனை இழந்த குழந்தை தாயோடு வீட்டிலேயே இருந்து வளர்வதற்காக, மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்தும் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவராலும் பராமரிக்க இயலாத நிலையில் உள்ளவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய் தரும் "அன்புக் கரங்கள்" திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது. இரண்டும் நல்ல திட்டங்கள். குறை சொல்ல வேண்டும் என்பதற்காக நாம் குறை சொல்லவில்லை. விதியைச் சற்று விரல்விட்டு எண்ணிப் பார்க்கும்படி மட்டும் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

வாத்சல்யா உதவி பெற, குடும்ப வருமானம் கிராமத்தில் வருஷத்துக்கு 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேற்படக்கூடாது. அதாவது கிராமத்துத் தாய்க்கு மாதம் 6,000. பட்டணத்துத் தாய்க்கு 8,000. மகாத்மா காந்தி ஊரக வேலைத் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நாட்கூலி 336 ரூபாய். அந்த விகிதப்படி ஒருத்திக்கு மாதந்தோறும் 18 நாள் ஏதேனும் வேலை கிடைத்துவிட்டால் வருவது 6,048. நாற்பத்தெட்டு ரூபாய் மிகுதி. அவள் ஏழை அல்லள்! சர்க்கார் நியாயமானது என்று தானே நிர்ணயித்த கூலியை, சர்க்காரின் இன்னொரு விதி செல்வம் என்று கருதுகிறது. மேலும், நகர எல்லைக்கு உள்ளே ஒரு குப்பத்தில் ஒருத்தியும், எல்லைக் கல்லுக்கு அப்பால் அடுத்த குப்பத்தில் இன்னொருத்தியும் மீன் கூடை சுமக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடல் ஒன்று, சந்தை ஒன்று, அரிசி விலையும் ஒன்று. ஏழ்மையின் அளவுகோல் மட்டும் இரண்டு.

இனி அத்தாட்சிகளைப் பார்ப்போம். மரணச் சான்று, வருமானச் சான்று, பள்ளிச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு. ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமானதுதான். ஆனால் கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி, கூலி வேலையை விட்டுவிட்டு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கடற்கரையிலிருந்து தாலுகா காரியாலயத்துக்கும் ஜில்லாத் தலைநகருக்கும் நடக்கையில் அவையெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மலையாகிவிடுகின்றன. உதவி யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களே அதைக் கேட்க மிகவும் சக்தியற்றவர்கள்.

கடலோரத்தில் இதற்கும் மேலான ஒரு சங்கடம் உண்டு. நிலத்தில் இறந்தவனுக்கு மரணச் சான்று கிடைக்கும். கடலுக்குப் போய்த் திரும்பாதவனுக்கு? ஏழு வருஷம் செய்தி இல்லாதிருந்தால்தான் ஒருவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பொது விதி. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோதும், 2017இல் ஓக்கிப் புயல் தென்கோடி மீனவர்களைக் கொண்டுபோனபோதும், காணாமற்போனோரின் குடும்பங்களை ஏழு வருஷம் காக்க வைக்காமல் அரசு இரங்கி வழிசெய்தது. ஆனால் சாதாரணமான ஒரு விடியற்காலையில் ஒற்றைப் படகு கவிழ்ந்து ஒருவன் கரை சேராவிடில், அந்தப் பொது விதியே குறுக்கே நிற்கிறது. கணவனால் கைவிடப்பட்ட தாய்மாருக்கும் இத்திட்டத்தில் இடம் உண்டு என்பார்கள். வலையோடு போய் அலையோடு போனவனை, மனைவி மக்களைக் கைவிட்டவன் என்று அவன் மனைவியே எழுதிக் கையொப்பமிட வேண்டுமா? ஏழு வருஷத்தில் எட்டு வயதுப் பிள்ளைக்குப் பதினைந்து வயதாகிவிடும். அதற்குள் அவன் பள்ளியில் இருப்பானா, படகில் இருப்பானா, வேறெங்கே இருப்பான்?

"வேறெங்கே" என்று நாம் சும்மா எழுதவில்லை. 2022ஆம் வருஷத்தின் கடைசி நாளில், செங்கற்பட்டு அரசுக் கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அடித்ததனால் இறந்தான் என்ற வழக்கில் அவனைக் காக்க வேண்டிய ஊழியர்களே கைதானார்கள். இல்லங்களின் நிர்வாகத்தை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை அரசு நியமித்தது. இல்லங்களைச் சீர்திருத்த வேண்டியது அவசியமே. ஆனால், குழந்தையை நிறுவனத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் கூறுகிறது. கடைசி வழி என்றால் அதற்கு முந்திய வழிகள் திறந்திருக்க வேண்டும் அல்லவா?

அவற்றைத் திறக்கும் சாவி நகராட்சிகளிடமும் ஊராட்சிகளிடமும் இருக்கிறது என்பதே நம் அபிப்பிராயம். ஒரு மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது 1969ஆம் வருஷத்துச் சட்டம். செங்கற்பட்டில் ஒரு குடும்பத் தலைவன் மறைந்தால், அதை முதலில் அறியும் காரியாலயங்களில் நகராட்சியும் ஒன்று. கிராமத்தில் அதற்கென்று பதிவாளர் இருக்கிறார். அவ்வீட்டில் எத்தனை குழந்தைகள் என்பதைக் குடும்ப அட்டை சொல்லும். ஆக, ஒரு வீடு தகப்பனை இழந்ததும், அங்கே குழந்தைகள் இருப்பதும் சர்க்காருக்குத் தெரியும். ஒரு கைக்குத் தெரிந்தது மறு கைக்குத் தெரியாததுதான் குறை. மரணம் பதிவான அன்றே, அச்செய்தி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குச் செல்லட்டும். வார்டு உறுப்பினரும் ஊராட்சித் தலைவரும் ஒரு மாதத்துக்குள் அந்த வீட்டு வாசலை மிதிக்கட்டும். அத்தாட்சிகளைச் சேர்க்கும் பொறுப்பைத் தாயின் தலையிலிருந்து இறக்கித் தாங்கள் ஏற்கட்டும். கடலில் காணாமற்போனவன் விஷயத்தில் மீன்வளத் துறையும் காவல் நிலையமும் ஊராரும் கூடிச் செய்யும் விசாரணையே குழந்தையின் உதவிக்குப் போதுமான ஆதாரம் என்று அரசு ஒரு விதி செய்யட்டும். சொத்துரிமைக்கு ஏழு வருஷம் காத்திருக்கலாம். சோற்றுக்குக் காத்திருக்க முடியாது.

விதிகளைத் தளர்த்தினால் பொய்யர் புகுந்துவிடுவார்கள் என்று சிலர் அஞ்சக்கூடும். புகலாம். ஆனால் பொய்யனுக்கு அத்தாட்சி சேர்க்கத் தெரியும். அதுதானே அவன் தொழில்! கடுமையான விதியால் தடுக்கப்படுகிறவள் பெரும்பாலும் உண்மையான ஏழையே. உத்தியோகஸ்தர் நேரில் வந்து வீட்டைப் பார்ப்பதைவிடச் சிறந்த அத்தாட்சி எது?

வாசகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வார்டு உறுப்பினரைக் காணும்போது, தெருவிளக்கையும் சாக்கடையையும் பற்றிக் கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். கூடவே, "சென்ற மாதம் நம் வார்டில் தகப்பனை இழந்த குழந்தைகள் எத்தனை? அவர்கள் வீட்டுக்குப் போனீர்களா?" என்றும் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திராமல், அப்படிப்பட்ட குழந்தை ஒன்றை நீங்களே அறிவீர்களானால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். எழுதத் தெரியாத தாய்க்கு விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள். அரை மணி நேரத்து வேலை. ஒரு பிள்ளை தன் வீட்டிலேயே தாயின் பக்கத்தில் வளர அது போதுமானதாகலாம்.