எரிந்தானா, எரியவில்லையா?

"ஹோலி வடக்கத்தியார் பண்டிகை, நமக்கென்ன?" என்று குர்லாவில் நம்மவர் சிலர் கேட்கிறார்கள்.

தோழர்களே! கலித்தொகையிலேயே காமன் விழா உண்டு. தஞ்சைச் சீமையில் மாசி மாதம் காமன் கம்பம் நட்டுக் கொளுத்துவார்கள். சிவன் நெற்றிக்கண்ணால் காமன் எரிந்தானா, இல்லையா? 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என்று பிரிந்து, விடிய விடிய லாவணி பாடுவார்கள். அந்த லாவணி எப்படி வந்தது? 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராட்டியரோடு வந்தது! அதே பருவத்தில் இங்கே மராட்டியர் சிம்கா நெருப்பு மூட்டும்போது நாம் எப்படி அந்நியராவோம்?

ஆனால், ஓடும் ரயில் மீது தண்ணீர்ப் பை வீசுவது எந்த ஊர் வழக்கம்? வாசலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் தொழிலாளிக்குக் கண் போனால், யார் வந்து கொடுப்பார்கள்? ரயில்வேயில் பணிபுரியும் நாங்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

லாவணிக்காரர்கள் எதிர்க்கட்சியைச் சொல்லால் மடக்கினார்கள், கண்ணைக் குத்தவில்லை. அந்த வழக்கத்தை நம் சந்துகளுக்குக் கொண்டுவருவோம். மேடை போடுவோம், மராட்டிய அண்டை வீட்டாரையும் அழைப்போம். அன்று தண்டவாளத்தோரம் நம் பிள்ளை ஒன்றுகூட நிற்கக் கூடாது.