காருக்குக் காற்று வேண்டும், தண்ணீர் வேண்டாம்!

அம்பாசிடரும் பத்மினியும் செத்துப்போய்விட்டன என்று யார் சொன்னது? அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றது. பத்மினி அதற்கும் முன்பே போய்விட்டது. ஆனாலும் இந்தச் சென்னையில் அப்பன் வாங்கிய காரை மகன் துடைத்துத் துடைத்து ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறான். நல்ல விஷயம். பாராட்டலாம்.

ஆனால் அந்தத் தம்பிகளுக்கு ஒரு குறை. "வண்டி இழுக்க மாட்டேங்குது!"

இந்தக் குறைக்குப் பட்டறையில் ஒரு வைத்தியம் ரெடியாக இருக்கிறது. "ஒரிஜினல் ஏர் பில்டர் டப்பாவைக் கடாசு சார். கூம்பு பில்டர் மாட்டு. முன்னாடி பம்பருக்குக் கீழே ஒரு பைப்பு விடு. சும்மா பிச்சிக்கினு போவும்!"

போகுமா? போகும். எங்கே போகும் என்பதுதான் கேள்வி.

ஆசை தப்பில்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். கார்பரேட்டர் வண்டிக்குக் குளிர்ந்த காற்று கொடுக்க நினைப்பதில் தப்பே இல்லை.

அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே போகும் வழியும், புகை வெளியே வரும் வழியும் ஒரே பக்கம். அடுப்புக்கு மேலே உறி கட்டின மாதிரி, கொதிக்கும் எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்திலேயே கார்பரேட்டர்! சிக்னலில் ஐந்து நிமிஷம் நின்றால் பானட்டுக்குள் வெந்நீர் போடலாம்.

சூடான காற்று லேசான காற்று. வெளியே 35 டிகிரி, பானட்டுக்குள் 65 டிகிரி என்று வையுங்கள். அதே ஒரு லிட்டர் காற்றில் சரக்கு சுமார் 9 சதவீதம் குறைந்துவிடும். காற்று குறைந்தால் எரிவதும் குறையும். இழுவையும் குறையும். ஆகவே வெளிக்காற்றைக் குழாய் வைத்துக் கொண்டுவருவது நியாயமான யோசனைதான்.

கூம்பின் பித்தலாட்டம்

ஆனால் நடப்பது என்ன? டப்பாவை எறிந்துவிட்டு, கூம்பு பில்டரைக் கார்பரேட்டர் வாயிலேயே மாட்டிவிடுகிறார்கள். அது இழுப்பது எந்தக் காற்றை? பானட்டுக்குள் இருக்கும் அதே வெந்த காற்றைத்தான்! 'உர்ர்' என்று சத்தம் மட்டும் கூடும். சத்தத்தைக் கேட்டு, "ஆகா, பவர் ஏறிப்போச்சு" என்று தம்பி பூரித்துப்போகிறார். ஏறியது பவர் அல்ல, இரைச்சல்.

அந்தப் பழைய தகர டப்பா சும்மா அல்ல. தூசியைத் தடுக்கும். என்ஜின் சில சமயம் 'டப்' என்று கார்பரேட்டர் வழியாகத் திருப்பி அடிக்குமே, அப்போது வரும் தீயை உள்ளேயே அடக்கிவிடும். டப்பா இல்லாவிட்டால் அந்தத் தீ எங்கே பாயும்? பெட்ரோல் கசியும் பழைய ரப்பர் டியூப் பக்கத்தில்தான் இருக்கிறது. மீதியைச் சொல்ல வேண்டுமா?

தண்ணீர் என்னும் எமன்

இதைவிட மோசம், பம்பருக்குக் கீழே வாய் வைப்பது.

1089 சி.சி. பத்மினி என்ஜினை 3000 சுற்றில் முழு மிதி மிதித்தால், நிமிஷத்துக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் காற்றை உறிஞ்சும். அந்த வாயைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைத்துவிட்டு, மழை நாளில் கணேசபுரம் சப்வேயிலோ துரைசாமி சப்வேயிலோ இறக்கினால் என்ன ஆகும்? காற்றுக்குப் பதில் தண்ணீரை உறிஞ்சும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலே வரும் பிஸ்டன் முட்டி நிற்கும். கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அவ்வளவுதான், என்ஜின் காலி!

2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போட்ட ஆட்டத்தையும் பார்த்த ஊர் இது. ஒரு மணி நேரம் மழை பெய்தாலே முழங்கால் தண்ணீர் நிற்கிற தெருக்கள் இன்றும் இருக்கின்றன. வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துப் பைப்பு வைக்கிற மெக்கானிக், நம்ம ஊர் ரோட்டைப் பார்க்க வேண்டாமா?

பெட்ரோலும் மாறிப்போச்சு

இன்னொரு சங்கதியைப் பலர் கவனிப்பதில்லை. கார்பரேட்டருக்கு மூளை கிடையாது. காற்று அடர்த்தியானால் அதற்குச் சரியாகப் பெட்ரோலைக் கூட்டத் தெரியாது. கலவையில் பெட்ரோல் பற்றாக்குறை வரும்.

போதாக்குறைக்கு இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதுவும் பழைய கார்பரேட்டரில் கலவையைப் பற்றாக்குறைப் பக்கமே தள்ளும். இரண்டும் சேர்ந்தால் என்ஜின் கொதிக்கும், திருப்பி அடிக்கும், வால்வு வெந்துபோகும். பழைய ரப்பர் டியூபையும் எத்தனால் அரிக்கும். தீப்பிடிக்க இதைவிட நல்ல ஏற்பாடு வேறு வேண்டுமா?

சரி, எப்படித்தான் செய்வது?

ஒரிஜினல் டப்பாவை எறியாதீர்கள். அதன் மூக்கில் இரண்டரை அங்குலம் அளவில், கம்பிச் சுருள் வைத்த ரப்பர் ஹோசை மாட்டி, கிளிப் போட்டு இறுக்குங்கள். மறுமுனை ரேடியேட்டருக்குப் பக்கத்தில், ஹெட்லைட்டுக்குப் பின்னால், முடிந்த மட்டும் உயரத்தில் இருக்கட்டும். வாய் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் மழைச் சாரல் ஏறாது. குழாயில் எலி, இலை நுழையாமல் ஒரு கம்பி வலை.

வீட்டுக் குழாய்க்குப் போடும் பிளாஸ்டிக் பைப்பு கூடவே கூடாது. எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது இளகிவிடும். கார்பரேட்டருக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே டிங்கரிடம் சொல்லி ஒரு தகரத் தடுப்பு அடியுங்கள். பாதிப் பலன் அதிலேயே கிடைத்துவிடும். என்ஜின் ஆவி வரும் டியூபை அறுத்துத் தொங்கவிடாமல் டப்பாவிலேயே திரும்ப மாட்டுங்கள். பெட்ரோல் டியூபைப் புதிதாக மாற்றுங்கள்.

பிறகு நாலு நாள் ஓட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிப்பொடி நிறமாக இருந்தால் சரி. வெள்ளை வெளேரென்று இருந்தால் பெட்ரோல் போதவில்லை. ஜெட் ஒரு சைஸ் பெரிதாகப் போட வேண்டும். கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம்.

அப்படியும் தண்ணீரில் நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடிக்காதீர்கள்! தள்ளிக்கொண்டு போய், பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மறு பேச்சு.

யார் பொறுப்பு?

வாலிபர் ஆசைப்படுவார். அது வயசு. தொழில் தெரிந்த மெக்கானிக்தான், "தம்பி, கீழே வாய் வைக்க மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். காசு வருகிறதே என்று தலையாட்டினால் அது தொழில் அல்ல.

அதே சமயம் அதிகாரிகளும் காதைக் கொடுக்க வேண்டும். காரின் வாயை உயர்த்தச் சொல்லலாம். எத்தனை அடி உயர்த்துவது? ஆட்டோக்காரரும் ஸ்கூட்டர்காரரும் எதை உயர்த்துவார்கள்? சப்வேயில் தண்ணீர் ஏறினால் உடனே கயிறு கட்டி வழியை அடையுங்கள். மோட்டார் பம்பை மழைக்கு முன்பே ஓட்டிப் பாருங்கள், மழைக்குப் பிறகு அல்ல.

வடகிழக்குப் பருவமழை வருஷம் தவறாமல் வருகிறது. சொல்லாமல் வருகிற விருந்தாளி அல்ல அது!