டில்லி சென்று வந்த பிள்ளை

நண்பரின் புதல்வன், கல்லூரி மாணவன், விடுமுறையில் ஜீலம் எக்ஸ்பிரஸ் ஏறித் தன்னந்தனியே டில்லி மாநகரைக் காணச் சென்றான். அவன் திரும்பும்வரை தாயாருக்கு உறக்கமில்லை.

வந்தவன் செங்கோட்டையையும் குதுப்மினாரையும் இரண்டு வார்த்தைகளில் முடித்துவிட்டுக் காந்தி ஸ்மிருதியைப் பற்றியே பேசினான். 1948 ஜனவரி 30 அன்று அண்ணல் இறுதியாக நடந்த பாதையில் அடிச்சுவடுகளை அமைத்திருக்கிறார்கள். அவை முடியும் இடத்தில் நெடுநேரம் நின்றானாம்.

பிறகு, "மாமா, கஸ்தூரிபா உயிர் நீத்த ஆகாகான் மாளிகை நம் புனேயில்தானே உள்ளது? நீங்கள் பார்த்ததுண்டா?" என்றான்.

அன்னை 1944 பிப்ரவரி 22இல் சிறைக்காவலிலேயே மறைந்த இடம், சமாதியும் அங்கேயே. பன்னிரண்டு ஆண்டுகளாக இவ்வூரில் வாழும் நான் தலைகுனிந்தேன்.

வரும் ஞாயிறன்று இரு குடும்பத்தாரும் செல்கிறோம். வழிகாட்டி அவனே!