பறக்காத தட்டுக்கு ஜாதகம் பார்க்கும் ஜோசியர்கள்

புது டிரைவர் ஒண்ணு வரப்போகுதுன்னு மங்கலா ஒரு படம் வந்தால் போதும், நம்ம டிஸ்க் கோல்ஃப் ஆசாமிகளுக்குத் தூக்கம் போயிடும். "வேகம் 12, ஃபேட் 2தான் இருக்கும் பாரு", "போன மாடலைவிட பதினைந்து அடி கூடப் போகும்". ஒருத்தரும் அதைக் கையில் தொட்டதில்லை. ஆனா பறக்கிற பாதை மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம்!

விளையாட்டு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. கோல்ஃப்தான், ஆனா பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. தூரத்துக்கு எறிகிற தட்டுதான் டிரைவர். (பிரிண்டர் டிரைவர் பிரச்சினைன்னு ஓடி வந்தவங்க மன்னிக்கவும்.)

தட்டின் ஜாதகம் நாலு எண்கள்: வேகம், கிளைடு, டர்ன், ஃபேட். இன்னோவா கம்பெனி பழக்கிவிட்டது, மத்தவங்களும் பிடிச்சுக்கிட்டாங்க. டெஸ்ட்ராயருக்கு 12, 5, -1, 3. வலது கைக்காரர் பேக்ஹேண்டில் எறிந்தால் முதலில் வலப்பக்கம் சாய்வது டர்ன், வேகம் குறைந்ததும் இடப்பக்கம் இழுப்பது ஃபேட்.

கேள்வி இதுதான்: இந்த எண்ணை அளந்தது யார்? விளையாட்டின் சங்கமான பிடிஜிஏ இல்லை. குறுக்களவு 21 செ.மீ.க்குக் குறையக்கூடாது, விளிம்பின் அகலம் 2.6 செ.மீ.யைத் தாண்டக்கூடாது, எடை 200 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்று அவர்கள் பார்ப்பது உருவத்தை. பறப்பதற்கு மார்க் போடுவது தட்டை விற்கிற கம்பெனியே. பரீட்சை எழுதினவனே பேப்பரும் திருத்துகிறான்!

பிடிஜிஏ பட்டியலில் விளிம்பு அகலம் வந்துவிடும், அதை வைத்து வேகத்தைக் கணிக்கலாமே என்பார்கள். சரி, வேகத்தை ஓரளவு கணிக்கலாம், ஒத்துக்கிறேன். மீதி மூணு எண்? வேகமாகப் போகும்போது காற்று தட்டின் மையத்துக்குப் பின்னால் தூக்குகிறது, மூக்கு கீழே அமுங்கப் பார்க்கிறது. தட்டு சுழல்வதால் அந்த விசை பக்கவாட்டுச் சாய்வாக மாறி வலப்பக்கம் போகிறது. வேகம் குறைந்தால் எல்லாம் தலைகீழ். இந்த மாற்றம் எங்கே நடக்கும் என்பதில், அச்சின் ரெண்டு பாதியும் சேரும் கோடு தட்டின் அடியிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கு என்பதற்குப் பெரிய பங்கு உண்டு. கோடு கொஞ்சம் ஏறினாலே தட்டு இடப்பக்கம் இழுக்க ஆரம்பிச்சிடும். அந்த உயரம் பட்டியலில் கிடையாது. அப்புறம் எதை வைத்து ஜல்லி அடிக்கிறீங்க?

வந்தபின் மட்டும் என்ன வாழுது? சாம்பியன், ஸ்டார், புரோ என எந்தப் பிளாஸ்டிக்கில் வந்தாலும் டெஸ்ட்ராயருக்கு அதே நாலு எண்தான். எறிந்தவர்களைக் கேளுங்க, மூணும் மூணு விதம். இன்னோவாவின் பாஸ், டிஸ்கிராஃப்டின் நியூக் ரெண்டுக்கும் 13, 5, -1, 3. எண் ஒண்ணு என்பதால் பாதையும் ஒண்ணாகிவிடாது. டென்வர் மாதிரி 1600 மீட்டர் உயரத்தில் காற்று மெலிசு, அங்கே அதே தட்டு இன்னும் சீக்கிரம் இடப்பக்கம் திரும்பும்.

'ஜாலிக்குப் பேசறோம், உனக்கென்ன?' என்பீர்கள். ஜாலியோட நின்னா சரி. நீங்க சொல்லும் 'பதினைந்து அடி'யை நம்பி, போன மாசம் விளையாட ஆரம்பிச்ச பையன் இருபது டாலர் கொடுத்து முன்பதிவு செய்கிறான். அவன் கையிலிருந்து தட்டு அந்த வேகத்தில் கிளம்பாது. டர்ன் வரவே வராது, நேரா இடப்பக்கம் போய் புதரில் விழும். தன் கைதான் சரியில்லைன்னு நினைச்சு, முழங்கை வலிக்க இன்னும் பலமா எறிவான். மெதுவான தட்டில் கை பழகியிருந்தால் இதைவிட தூரம் போயிருக்கும். இதுக்கு யார் பொறுப்பு?

என் வேலையில், 'இந்த ப்ரோகிராம் ரொம்ப ஃபாஸ்ட், 12' என்று எழுதிக் கொடுத்தால் டெஸ்டிங் டீம் சிரிக்கும். எந்த மெஷின், எவ்வளவு லோட் என்று கேட்பார்கள். தட்டுக்கும் அதையே கேட்போம். ஒரு இயந்திரம் வைத்து, சொன்ன வேகம், சொன்ன சுழற்சி, சொன்ன உயரத்தில் எறிந்து பாதையை வெளியிடுங்க. ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும் அந்தக் கோட்டின் உயரத்தை அச்சடிங்க. சென்சார் வைத்த டெக்டிஸ்க் தட்டு என் கை வேகத்தையும் சுழற்சியையும் அளந்து சொல்லிவிடுகிறது. எறிகிறவனை அளக்க முடியுது, விற்கிற தட்டை அளக்க மட்டும் முடியலையாம்!

அதுவரை அடுத்த டிரைவர் 'எப்படிப் பறக்கும்' என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான்: அளந்து காட்டச் சொல்லு, அப்புறம் பேசலாம்.

டிஸ்கி (டிஸ்க் இல்லீங்க, வழக்கமான டிஸ்கிதான்): எந்தக் கம்பெனியும் எனக்கு ஓசித் தட்டு கொடுத்ததில்லை. இதுக்கப்புறம் கொடுக்கவும் போவதில்லை :-)